இறக்கத்தில் நழுவாத பெல்ட்: எந்த வகை, எந்த அளவு?

கொட்டகலையிலிருந்து ஹட்டன் பக்கமாக விடியற்காலையில் ஓடுகிறவர்களைக் காலடிச் சத்தத்தைக் கொண்டே என்னால் பிரித்துச் சொல்லிவிட முடியும். சப்பாத்தின் தாளத்துக்கு நடுவே ‘தொப், தொப்’ என்று இன்னொரு சத்தம் கேட்டால், கைபேசி வைக்க அவர் கட்டியிருக்கும் இடுப்பு பெல்ட் அளவுக்கு மீறிப் பெரியது. இரண்டு நிமிடத்துக்கு ஒரு முறை பெல்ட்டைக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டு ஓடினால், அவர் கட்டியிருக்கும் இடத்துக்கு அது சிறியது. இரண்டு துன்பத்தையும் நான் பட்டிருக்கிறேன். என்னிடம் ஓட்டப் பயிற்சிக்கு வரும் பிள்ளைகளும் அவர்களுடைய அண்ணன்மாரும் இப்போது அதே கேள்வியோடு வருகிறார்கள்: எந்த வகை வாங்குவது, என்ன அளவு வாங்குவது?

பெல்ட் ஓர் ஆடம்பரம் என்று நினைக்கிறவர்களுக்கு முதலில் ஒரு வார்த்தை. தோட்டத்துப் பாதையில் தனியாக ஓடுகிறவரிடம் கைபேசி இருந்தே ஆக வேண்டும். குளவி கலைந்தால், கால் பிசகினால், 1990 இலக்கத்துக்கு அழைத்தால்தான் இலவச அம்பியூலன்ஸ் வரும். பெண்களின் ஓட்டக் காற்சட்டைகள் பலவற்றில் பையே இருப்பதில்லை. கையில் பிடித்துக்கொண்டு ஓடினால் தோள் ஒரு பக்கம் இறுகிப் போகிறது. ஈரத் தார் ரோட்டில் சறுக்கினால் ஊன்றுவதற்குக் கையும் இருக்காது. ஆகவே பெல்ட் வேண்டும். அது உடம்போடு உடம்பாக இருக்கவும் வேண்டும்.

நான் முதலில் வாங்கியது குழாய் வடிவ பெல்ட். கொக்கி இல்லை, நாடா இல்லை. இழுபடும் துணியை வளையமாகத் தைத்து, அங்கங்கே திறப்பு வைத்திருப்பார்கள். காலை நுழைத்து மேலே ஏற்றிக்கொள்ள வேண்டும். இணையத்தில் அளவு கேட்டபோது, என் காற்சட்டையில் 30 என்று இருந்ததை அப்படியே கொடுத்தேன். மீடியம் வந்தது. வீட்டில் போட்டுப் பார்த்தபோது கச்சிதமாக இருந்தது. மறுநாள் ஏற்றத்தில் ஓடும்வரைக்கும் ஒரு குறையும் இல்லை. திரும்பி இறங்கும்போது அது ஒவ்வொரு எட்டுக்கும் கொஞ்சம் கொஞ்சமாக மேலே ஏறியது, ஏறியதோடு சுருண்டது. சுருண்டதில் திறப்பு கீழ்ப்பக்கமாகத் திரும்பி, கைபேசி நழுவித் தேயிலை மலையோரத்துக் கானில் விழுந்தது. முதல் நாள் மழையில் கான் நிறைந்து ஓடிக்கொண்டிருந்தது. கைபேசி பிழைக்கவில்லை.

ஏன் அப்படி ஆனது என்பதை அன்று மாலை அளவு நாடாவை எடுத்து அளந்தபோது கண்டுகொண்டேன். என் தொப்புள் மட்டத்தில் சுற்றளவு 76 சென்டிமீட்டர். நான் பெல்ட்டைக் கட்டிய இடுப்பெலும்பு மட்டத்தில் 88. காற்சட்டையின் 30 அங்குலம் முதல் இடத்துக்குப் பொருந்தும்; பெல்ட் இருந்ததோ இரண்டாவது இடத்தில். இழுபட்ட வளையம் எப்போதும் சிறிய சுற்றளவைத் தேடிப் போகும். இடுப்பெலும்பு அகன்று இடை ஒடுங்கிய உடம்பில் அது மேலே ஏறும். வயிறு முன்தள்ளிய உடம்பில் அது வயிற்றுக்குக் கீழே இறங்கும். பெண்கள் பலர் ‘ஏறுகிறது’ என்றும், நடுவயது ஆண்கள் பலர் ‘இறங்குகிறது’ என்றும் குறை சொல்வதற்குக் காரணம் இதுதான். துணியை மட்டும் குற்றம் சொல்லிப் பயனில்லை.

எனவே எந்த வகையை வாங்கினாலும், அளவெடுப்பதற்கு முன் பெல்ட் எந்த மட்டத்தில் இருக்கப் போகிறது என்பதைத் தீர்மானித்துக்கொள்ளுங்கள். ஓடும் உடுப்போடு நில்லுங்கள், மூச்சை இயல்பாக வெளியே விடுங்கள், வயிற்றை எக்காதீர்கள். அந்த மட்டத்தில் நாடாவைத் தரைக்குச் சமமாகச் சுற்றுங்கள். நாடா இல்லாத வீட்டில் ஒரு நூலைச் சுற்றி, பிள்ளையின் அடிமட்டத்தில் வைத்து அளந்தால் போதும். காற்சட்டையில் உள்ள இலக்கத்தை நம்ப வேண்டாம். ஒரே இலக்கம் கம்பனிக்குக் கம்பனி மாறும்.

இணையக் கடைகளில் இன்னொரு பொறி இருக்கிறது. அட்டவணையில் எழுதியிருப்பது உங்கள் உடம்பின் சுற்றளவா, பெல்ட்டின் சொந்த அளவா என்று பாருங்கள். ‘35 சென்டிமீட்டர்’ என்று போட்டிருந்தால், அது பெல்ட்டை மேசையில் தட்டையாக வைத்து அளந்த அரைச் சுற்றாக இருக்கக்கூடும். முழுச் சுற்று 70. மீடியம், லார்ஜ் என்ற எழுத்துக்களைவிடச் சென்டிமீட்டர்தான் பேச வேண்டும். சென்டிமீட்டர் போடாத கடையில் குழாய் பெல்ட் வாங்காதீர்கள் என்பது என் கண்டிப்பான ஆலோசனை.

குழாய் பெல்ட்டில் இரண்டு அளவுக்கு நடுவே உங்கள் இலக்கம் விழுந்தால் சிறியதை எடுங்கள். அந்தத் துணி பழகப் பழகத் தளரும். தளர்ந்ததைத் திரும்ப இறுக்க முடியாது. ‘கொஞ்சம் தாராளமாக இருக்கட்டும்’ என்று நம் வீடுகளில் பாடசாலைச் சீருடையைப் பெரிதாக எடுக்கும் வழக்கம் இங்கே உதவாது. என் தம்பி அப்படித்தான் ஓர் அளவு பெரிதாக எடுத்தான். பெரிய திரையுள்ள கைபேசி ஒன்று 220, 230 கிராம் இருக்கும். ஓடும்போது பாதம் தரையில் மோதும் விசை உடம்பின் எடையைப்போல் இரண்டு, மூன்று மடங்கு என்பார்கள். இறக்கத்தில் இன்னும் கூடும். அந்த அதிர்ச்சி ஒவ்வொரு எட்டுக்கும் கைபேசியையும் குலுக்கும். நிமிடத்துக்கு 160, 170 எட்டு. தளர்ந்த பெல்ட்டில் அது அரை மணி நேரம் இடுப்பில் அடிப்பதை நினைத்துப் பாருங்கள். தம்பிக்கு இடுப்பெலும்பின் மேல் தோல் சிவந்து உரிந்துவிட்டது.

சிறியதை எடுக்கச் சொன்னேன் என்பதற்காக மிகச் சிறியதற்கும் போகக் கூடாது. தொடையின் வெளிப்பக்கத்துக்கு உணர்வு கொடுக்கும் நரம்பு ஒன்று இடுப்பெலும்பின் முன்முனைக்கு அருகே வருகிறது. இறுக்கமான பெல்ட் அதை அழுத்தினால் தொடையில் மரமரப்பும் எரிவும் வரும். ஓடி முடிந்த பிறகும் தொடை மரத்திருந்தால் அந்த அளவு உங்களுக்கு ஆகாது. ஏற்றத்தில் வயிறு விரிந்து மூச்சு வாங்க வேண்டும். பெல்ட்டுக்குள் இரண்டு விரல் தட்டையாக நுழைய இடம் இருந்தால் சரியாக இருக்கும்.

மலைநாட்டுக்கென்று தனியாக ஒரு கணக்கு உண்டு. கொழும்பில் ஓடுகிறவர் மெல்லிய சட்டையின் மேல் பெல்ட் கட்டுகிறார். நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,870 மீட்டர் உயரம். ஜனவரி விடியலில் புல்லில் உறைபனி படியும் நாட்களும் உண்டு. அங்கே கிரகரி வாவியைச் சுற்றி ஓடுகிறவர் கம்பளிச் சட்டையும் மழையங்கியும் போட்டிருப்பார். ஐந்து மில்லிமீட்டர் தடிப்பான கம்பளிச் சட்டைக்கு மேல் கட்டினால் சுற்றளவு மூன்று சென்டிமீட்டருக்கு மேல் கூடுகிறது. தடிப்பை இரண்டால் பெருக்கி, அதை 3.14ஆல் பெருக்கிப் பாருங்கள், 31 மில்லிமீட்டர் வரும். அளவு அட்டவணையில் ஒரு படி தாண்டிப்போக இது போதும். ஓடி உடம்பு சூடானதும் அந்தச் சட்டையைக் கழற்றினால் பெல்ட் தொளதொளத்துவிடும். குழாய் பெல்ட் வைத்திருப்பவர்கள் அதை உள்சட்டையோடு ஒட்டி அணிந்து, கம்பளிச் சட்டையை அதன் மேல் விடுவதுதான் வழி. கைபேசியும் மழையிலிருந்து தப்பும்.

இந்த இடத்தில்தான் கொக்கி வைத்த பெல்ட் குழாயை முந்துகிறது. நாடா, கொக்கி, நடுவில் இழுபடும் சிறு பை. பல கடைகளில் ஒரே அளவு எல்லோருக்கும் என்று விற்பார்கள். ஆனாலும் அளவு பார்க்கத்தான் வேண்டும்: நாடா எவ்வளவுவரை சுருங்கும், எவ்வளவுவரை நீளும் என்ற இரண்டு இலக்கத்தையும் கேளுங்கள். உங்கள் இடுப்பு அந்த இரண்டுக்கும் நடுவே விழ வேண்டும். சுருங்கும் எல்லைக்கு ஒட்டி இருந்தால் மிச்ச நாடா காற்றில் அடிக்கும், பையும் ஒரு பக்கமாக இழுக்கும். நீளும் எல்லைக்கு ஒட்டி இருந்தால் கம்பளிச் சட்டை போட்ட நாளில் போதாது. ஒல்லியான பிள்ளைகளுக்குச் சுருங்கும் எல்லைதான் முக்கியம். 60 சென்டிமீட்டருக்கு இறங்காத பெல்ட்டை 14 வயதுச் சிறுமிக்கு வாங்கிக் கொடுத்துப் பயனில்லை.

மாதவிலக்கு நாட்களில் வயிறு உப்பும் பெண்களுக்கும் கொக்கிதான் நல்லது. இதைக் கடைக்காரர்கள் சொல்வதில்லை, பயிற்றுநர்களும் சொல்வதில்லை. மாதத்தில் இருபது நாள் சரியாக இருக்கும் குழாய் பெல்ட் மற்ற நாட்களில் வயிற்றை வெட்டும். பிள்ளைகள் அதை யாரிடமும் சொல்லாமல் அந்த நாட்களில் ஓட வராமலே இருந்துவிடுகிறார்கள். ஒரு கொக்கி அதைத் தீர்த்துவிடும் என்றால் ஏன் தயங்க வேண்டும்?

கொக்கிக்கும் ஒரு குறை உண்டு, அது நம் மழையில்தான் தெரியும். நனைந்த நைலோன் நாடா கொக்கியின் இடுக்கில் மெல்ல மெல்ல நழுவும். வீட்டில் இறுக்கிக் கட்டியது நான்கு கிலோமீட்டரில் இரண்டு விரல் தளர்ந்திருக்கும். நாடாவின் நுனியை மடித்துத் தைத்தால் அது முழுதாக உருவிப் போகாது. கொக்கியின் பல் கூராக இருக்கிறதா என்று வாங்கும்போதே நகத்தால் தடவிப் பாருங்கள்.

என் அம்மா கொழுந்தெடுக்கப் போகும்போது இடுப்பைச் சுற்றிப் படங்குத் துணி கட்டுவதைச் சிறு வயதில் தினமும் பார்த்திருக்கிறேன். இடையில் கட்டாமல், இடுப்பெலும்புக்கு மேலே படிய வைத்துச் சுற்றுவார். முடிச்சு முன்னாலும் வராது, கூடை உரசும் முதுகுப் பக்கமும் போகாது; இடது பக்கவாட்டில் விழும். கட்டி முடித்ததும் புறப்பட மாட்டார். ஒரு முறை நன்றாகக் குனிந்து நிமிர்வார், ஒரு காலை மேல் படியில் தூக்கி வைப்பார், பிறகு முடிச்சை அவிழ்த்து இன்னொரு சுற்று இறுக்கிக் கட்டுவார். செடிகளுக்கு நடுவே நாள் முழுதும் ஏறி இறங்கினாலும் அது இடம் மாறாது. நான் வாங்கிய பெட்டிகளில் வந்த எந்த அறிவுறுத்தல் தாளும் அந்தக் குனிந்து நிமிர்தலைச் சொல்லவில்லை. இப்போது ஒவ்வொரு பெல்ட்டையும் நான் அப்படித்தான் சோதிக்கிறேன்: கைபேசி, சாவி எல்லாவற்றையும் போட்டு, குனிந்து நிமிர்ந்து, இருபது முறை குதித்து, பிறகு வீட்டு வாசல் படிகளில் வேகமாக இறங்கி. ஏறும்போது எந்த பெல்ட்டும் நல்ல பெல்ட்தான். இறங்கும்போதுதான் அளவு தெரியும். விலைச்சீட்டை வெட்டாமல் செய்தால் மாற்றிக்கொள்ளவும் முடியும்.

தண்ணீர்ப் போத்தல் வைக்கும் பெல்ட்டைப் பற்றி அதிகம் சொல்ல எனக்கு விருப்பமில்லை, ஏனென்றால் பலருக்கு அது தேவையே இல்லை. குளிர்ந்த காலையில் ஒரு மணி நேரத்துக்குள் முடியும் ஓட்டத்துக்குப் பெரும்பாலோர் தண்ணீர் சுமக்க வேண்டியதில்லை. அரை லீட்டர் என்பது அரைக் கிலோ. அதை ஒரே போத்தலாக முதுகுப் பக்கம் கட்டினால் எந்த அளவு பெல்ட்டும் குலுங்கும். ஊவாப் பக்கத்தவர்களுக்கு மட்டும் வேறு நியாயம். தென்மேல் பருவக்காற்று ஹட்டனையும் தலவாக்கலையையும் நனைக்கும் ஜூன், ஜூலை மாதங்களில் பண்டாரவளை, பதுளைப் பக்கம் வறண்ட காற்று அடிக்கும். அங்கே ஓடுகிறவர் இரண்டு பக்கமும் 250 மில்லிலீட்டர் போத்தல் வைத்த பெல்ட்டை எடுக்கலாம். இரண்டிலும் மாறி மாறிக் குடிக்க வேண்டும், இல்லாவிட்டால் பாரமான பக்கத்துக்கு பெல்ட் திரும்பிக்கொள்ளும். இதற்கு அளவை நிறைந்த போத்தல்களோடுதான் பார்க்க வேண்டும். கண்டி ஹந்தானையில் தொடங்கி நுவரெலியாவில் முடியும் 300 கிலோமீட்டர் பெக்கோ பாதையின் ஒரு பகுதியை ஓடப் போகிறவருக்கு பெல்ட்டே போதாது. தோளில் மாட்டும் மெல்லிய ஓட்டப் பையை வாங்கட்டும். பாரம் இடுப்பிலிருந்து மார்புக்கு மாறும்.

நான்காவது வழி ஒன்று இருக்கிறது, அதை நான் மனதார ஆதரிக்கிறேன்: தையல்காரரிடம் தைத்துக்கொள்வது. உலகத்தின் பெரிய விளையாட்டு உடுப்புக் கம்பனிகளுக்குத் தைத்துக் கொடுக்கும் நாடு இது. ஆடைத் தொழிற்சாலைகளில் மிஞ்சும் இழுபடும் துணி மகரகம, பமுனுவப் பக்கக் கடைகளில் தாராளமாகக் கிடைக்கும். ஊருக்கு வரும் யாரிடமாவது சொல்லிவிட்டால் போதும். நான்கு பக்கமும் இழுபடும் துணியாக இருக்க வேண்டும். கட்டும் மட்டத்தின் சுற்றளவில் எட்டில் ஒரு பங்கைக் கழித்து வெட்டச் சொன்னேன்: 88இல் 11 போக 77. அகலம் ஒன்பது சென்டிமீட்டர், ஏனென்றால் உறை போட்ட என் கைபேசி எட்டரை. தையல்கார அண்ணன் முதலில் நேர்த் தையல் போட்டார். இழுத்ததும் நூல் அறுந்துவிட்டது. வளைந்து வளைந்து போகும் ஸிக்ஸாக் தையலில் திரும்பத் தைத்தார், இன்றுவரை அறவில்லை. திறப்பை ஒன்றன் மேல் ஒன்று படியும் மடிப்பாக வைத்ததால் கைபேசி வெளியே வர வழியில்லை. இடுப்புக்கும் இடைக்கும் வித்தியாசம் அதிகமுள்ள பெண்களுக்கு இது இன்னும் பொருந்தும்: மேல் விளிம்பைக் கீழ் விளிம்பைவிட இரண்டு சென்டிமீட்டர் குறுக்கித் தைத்தால் பெல்ட் இடுப்பின் சரிவோடு படிந்துவிடுகிறது. கடையில் வாங்கிய எதிலும் எனக்கு அந்த வசதி கிடைக்கவில்லை.

எதை எடுத்தாலும் அடுப்புக்கு மேல் கட்டிய கொடியில் காயப்போடாதீர்கள். மழைக்காலத்தில் லயத்து வீடுகளில் துணி காய வேறு இடமில்லை என்பது எனக்குத் தெரியும். ஆனால் இழுபடும் நூலுக்குச் சூடு எதிரி. சில மாதத்தில் மீடியம் லார்ஜாகிவிடும். பச்சைத் தண்ணீரில் அலசி, துவாயில் சுருட்டிப் பிழிந்து, காற்றுப்படும் இடத்தில் தொங்கவிட்டால் நல்லது.

சுருங்கச் சொல் என்று கேட்கிறவர்களிடம் நான் இப்படிச் சொல்வேன். உடம்பு அளவு நிலையாக இருக்கிற, கைபேசியும் சாவியும் மட்டும் கொண்டுபோகிற பெரியவருக்குக் குழாய். கையில் அளவு நாடா இருந்தால் தையல்காரரிடம் தைத்த குழாய். வளரும் பிள்ளைக்கும், சட்டையைப் போட்டும் கழற்றியும் ஓடுகிறவருக்கும், வீட்டில் இருவர் ஒரே பெல்ட்டைப் பகிர்ந்தால் அவர்களுக்கும் கொக்கி. ஆஸ்துமாவுக்கு உறிஞ்சி (இன்ஹேலர்) கொண்டுபோக வேண்டியவர் கொக்கிப் பையையே எடுக்கட்டும். குழாயில் அந்த உருண்டை நிற்காமல் உருளும்.

போன வாரம் தலவாக்கலைப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து வரும் மாணவி ஒருத்தி, “டீச்சர், அண்ணன் எனக்கு வாங்கித் தருவதாகச் சொன்னார், அவருக்கும் வேண்டுமாம், ஆனால் ஒன்றுக்குத்தான் காசு இருக்கிறது” என்றாள். அவளுடைய இடுப்பெலும்பு மட்டத்தில் நூலைச் சுற்றினேன்: 70 சென்டிமீட்டர். அண்ணனை அடுத்த நாள் வரச் சொல்லி அளந்தேன்: 86. சுருங்கினால் 60, நீண்டால் 100 வரும் கொக்கி பெல்ட் ஒன்றை எடுக்கச் சொன்னேன். வந்ததும் கைபேசியைப் பையில் போட்டு, பாடசாலைப் படிகளில் அவளை இறங்கி ஓட வைத்துப் பார்த்தோம், பிறகு அண்ணனையும். நாடாவில் நீலப் பேனையால் இரண்டு கோடு போட்டுக் கொடுத்தேன், அவளுக்கு ஒன்று, அவனுக்கு ஒன்று. மழையில் நாடா நழுவினால் கோடு கொக்கியைவிட்டு விலகி நிற்கும். பார்த்த உடனே இழுத்துக்கொள்ளலாம்.